கன்னியாக் குன்றில் ஒரு கூடு



திருகோணமலை என்றதும் துறைமுகமும் கடலும்தான் பலருக்கு நினைவு வரும். ஒருநாள் மேட்டுப் பக்கமும் போய்ப் பாருங்கள். நகரிலிருந்து அநுராதபுரம் வீதியில் ஏறக்குறைய 8 கிலோமீற்றரில் கன்னியா இருக்கிறது. (கிண்ணியா வேறு, கன்னியா வேறு!) அருகருகே ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒவ்வொன்றிலும் சூடு வேறு. வருகிறவர்கள் குளித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சுற்றியுள்ள குன்றுகளையும் பற்றைக் காட்டையும் பார்ப்பவர் குறைவு.

ஸூரத்துல் முல்க்கை இரவுதோறும் ஓதுகிறோம். மேலே சிறகை விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளை மனிதர்கள் பார்க்கவில்லையா என்று அதன் 19ஆம் வசனத்தில் அல்லாஹ் கேட்கிறான். ஓதுகிற நாம் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

சென்ற ஆண்டு ஒரு காலையில் ஸுபஹு தொழுதுவிட்டு, கமராவும் கையுமாக என் இளைய மகளுடன் அங்கே போனேன். தேன்சிட்டு, பஞ்சுருட்டான், இந்தியாவிலிருந்து ஒக்டோபர் வாக்கில் வந்து ஏப்ரலில் திரும்பும் ஆறுமணிக் குருவி என்று ஒவ்வொன்றாகக் கண்டோம். ஒரு பற்றையில் தையல்குருவியின் கூட்டை மகள்தான் காட்டினாள்.

தையல் தெரிந்த சகோதரிகள் அதை அவசியம் பார்க்க வேண்டும். விரல் நீளமே உள்ள குருவி. ஊசி அதன் அலகு; நூல் பஞ்சும் சிலந்தி இழையும். இலையின் இரு ஓரங்களிலும் துளையிட்டு, இழுத்துத் தைத்துப் பை போலாக்கி, உள்ளே மெத்தென்று பஞ்சு வைத்திருந்தது. மூன்று குஞ்சுகள். ஸுப்ஹானல்லாஹ்!

படத்துக்கு இரண்டு இலைகள் மறைத்தன. அவற்றை ஒதுக்கி நூலால் கட்டினேன். தாய்க்குருவி வாயில் புழுவோடு சுற்றிச் சுற்றிக் கத்தியது. “வாப்பா, அதுக்குப் பயமா இருக்கு, போவோம்” என்றாள் மகள். “இன்னும் ஒரு படம்” என்றேன். படம் கிடைத்த மகிழ்ச்சியில் கட்டை அவிழ்க்க மறந்துவிட்டேன்.

அடுத்த வாரம் போனோம். நான் கட்டிய நூல் அப்படியே இருந்தது. கூடு வெயிலில் காய்ந்து கிடந்தது, குஞ்சுகள் இல்லை. காகம் எடுத்ததோ, பாம்பு எடுத்ததோ, வழியைத் திறந்துவிட்டவன் நான்.

பயணம் ஒன்றில் தோழர்கள் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன செய்தி அபூதாவூதில் இருக்கிறது. ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நான் நடத்தும் பாடம் அது. என் மகள் அதைக் கேட்டிருந்தாள். பாடம் நடத்திய நான் கேட்கவில்லை!

சகோதரிகளே, பிள்ளைகளைப் பறவை பார்க்கக் கூட்டிப் போங்கள். ஆனால் கூட்டை நெருங்க வேண்டாம். இரை கவ்விய குருவி கூட்டுக்குள் போகாமல் கத்தினால், நாம் கிட்ட நிற்கிறோம் என்று பொருள், உடனே பின்வாங்குங்கள். உங்கள் முற்றத்துச் செடியிலும் தையல்குருவி கூடு கட்டும். கண்டால் ஒரு மாதம் அந்தக் கிளையை வெட்டாதீர்கள். அதற்குள் குஞ்சுகள் பறந்துவிடும்.

அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டுவதில்லை. அறிந்ததைக் கொண்டு அமல் செய்யும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.