கடைசி வரிசை

இன்னோவா 2005-ல் இந்தியாவுக்கு வந்தது. கல்யாணம், திருப்பதி, ஏர்போர்ட் என்று நீங்களும் அதில் போயிருப்பீர்கள். 2022-ல் அறிமுகமான ஹைகிராஸ் பேரில்தான் இன்னோவா. உள்ளே வேறு வண்டி. லாரி போலத் தனி சேஸி கிடையாது. இன்ஜின் முன்சக்கரங்களை இழுக்கிறது. டீசல் இல்லை; பெட்ரோல் அல்லது ஹைபிரிட். முகத்தில் எஸ்.யூ.வி. களை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி 100 மி.மீ. கூடியிருக்கிறது.

நண்பர் வாங்கப்போனபோது கூடப் போனேன். ஷோரூம் பையன் கண்ணாடிக் கூரை, டச் ஸ்கிரீன் என்று அரைமணி அளந்தான். மூன்றாவது வரிசையைக் காட்டும்போது மட்டும், சத்தமில்லாமல் நடு ஸீட்டை முன்னால் தள்ளிவிட்டான். பின்னால் ஏக தாராளம்! (இந்த வித்தை நடு ஸீட் நகரும் ஏழு ஸீட் வண்டிகளுக்கெல்லாம் பொது. உஷார்.)

நடு ஸீட்டைப் பழையபடி பின்னால் தள்ளி, அதில் நானே உட்கார்ந்துகொண்டு, நண்பரின் அம்மாவைப் பின்னால் ஏறச் சொன்னேன். 74 வயசு. வழக்கமாக அவங்களுக்குத்தான் அந்த இடம். கேட்டால் மறுக்க மாட்டாங்க.

"கால் நீட்ட இடமிருக்குப்பா. ஆனா நீங்கள்லாம் முன்னாடி பேசிச் சிரிக்கிறது இங்க ஒண்ணும் கேக்காதே" என்றார்.

டிரைவர் ஸீட்டிலிருந்து நண்பர் திரும்பி, "என்னம்மா சொன்னே?" என்றார்.