பத்து முட்டையில ஒரு பர்த்டே

உங்க வீட்டுக் குட்டிக்கு ஜூன்ல பிறந்தநாளா? டெல்டாக்காரங்களுக்குத் தெரியும்: மேட்டூர் திறக்கிற ஜூன் 12 நெருங்கும்போது வீட்டுக் காசெல்லாம் குறுவைக்குப் போயிடும். அக்கா பையன் பர்த்டேவுக்காகக் கடன் கேக்கக் கிளம்பின அப்பாகிட்ட, "வேணாம்ப்பா, பத்து முட்டை போதும்"னேன்.

ஓட்டுல சின்ன ஓட்டை போட்டு, உள்ளே இருந்ததைப் பொரியலுக்கு ஊத்தியாச்சு. ஓட்டைக் கழுவி, அடியில ஈரக் களிமண். மேல மைதாப் பசையில பேப்பர். ரெண்டு நாள் காயணும். பெயின்ட் மட்டும் பர்த்டே அன்னிக்கு, பசங்க கையால.

புவிசார் குறியீடு வாங்கின நம்ம தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையோட சூட்சுமமும் இதுதான். எடை அடியில இருந்தா, தள்ளினாலும் நிமிரும். மெக்கானிக்ஸ்ல படிச்சோமே, அந்த ஈர்ப்பு மையம்!

பத்துப் பசங்களும் ஆளுக்கொரு பொம்மையோட வீட்டுக்குப் போனாங்க. வயலுக்கு வெச்ச காசு வயலுக்கே போச்சு. நீங்களும் செஞ்சு பாருங்க.