காரைதீவிலிருந்து கல்லடி அரங்குக்கு

காரைதீவிலிருந்து மட்டக்களப்பு நகரம் 40 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும். அக்கரைப்பற்றிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறினால் சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, நீலாவணை, கல்லாறு, களுவாஞ்சிகுடி, ஆரையம்பதி, காத்தான்குடி என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருக்கும். ஒரு தமிழ் ஊர், அடுத்தது முஸ்லிம் ஊர், பிறகு மீண்டும் தமிழ் ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயலும் வாவியும். ஆசனம் கிடைத்தால் அழகான பயணம். கிடைக்காவிட்டால் கல்முனைச் சந்தை இறங்கும்வரை ஒற்றைக் காலில் நிற்க வேண்டியதுதான்.

இந்த வீதியால் போக அஞ்சிய காலத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1985 ஏப்ரல் கலவரத்தில் எங்கள் ஊரில் வீடுகள் எரிந்தன. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களும், வீரமுனைக் கோயிலில் தஞ்சமிருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். 2004 டிசம்பர் 26 இல் வந்த அலை, தமிழ் ஊர் முஸ்லிம் ஊர் என்று பார்க்காமல் கடலோரத்தை வாரிக்கொண்டு போனது. பஸ் ஓடும் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் இவ்வளவும் யன்னலுக்கு வெளியே கடந்து போகின்றது. இன்று அந்த யன்னலோரம் இருந்து நான் போவது கூத்துப் படிக்க.

கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும் படிக்கின்றேன். 1982 இல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இடம் அது. இசை, நடனம், நாடகம், ஓவியம் என்று பல பிரிவுகள். மாணவிகளே அதிகம். நான் விண்ணப்பித்தபோது எங்கள் ஒழுங்கையில் எழுந்த முதற் கேள்வி, “பொம்புளப் புள்ள படிச்சுப்போட்டு ஆடப் போறதோ?” என்பதுதான். அம்மா பதில் சொல்லவில்லை. தையல் மெஷினில் குனிந்துகொண்டு, “சுவாமி பிறந்த ஊரிலயிருந்து போறாள்” என்று மட்டும் சொன்னாராம். அந்தப் பெயருக்கு எங்கள் ஊரில் இன்னும் மரியாதை உண்டு.

சுவாமி விபுலாநந்தர் 1892 மார்ச் 27 இல் காரைதீவில் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் பிறந்தவர். மயில்வாகனம் என்பது பிள்ளைப் பெயர். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். வழக்கொழிந்து போன யாழ்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதிய யாழ்நூல் 1947 இல் தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே, ஜூலை 19 இல், அவர் காலமானார். சமாதி கல்லடி உப்போடையில், அவர் வளர்த்த சிவானந்தா பாடசாலை வளவில் இருக்கின்றது. பாடநூலில் இவையெல்லாம் உள்ளவைதான். அதில் இல்லாத ஒன்றை நான் நகரத்துக்குப் போன பிறகே யோசிக்கத் தொடங்கினேன்.

யாழ்நூலுக்கு அடிப்படை சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. மாதவி என்ற நாட்டியப்பெண் அரசன் முன்னிலையில் முதன்முதல் ஆடும் இடம். அங்கே மேடைக்கு அளவு சொல்லப்படுகிறது: 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். ஆசிரியருக்கு இலக்கணம், யாழ் வாசிப்பவனுக்கு இலக்கணம், திரைக்கும் விளக்குக்கும்கூட இலக்கணம் உண்டு. முதல் வருடத்தில் இதைப் படித்தபோது நிறுவக மண்டபத்தின் மேடையை நான் மனதால் அளந்து பார்த்தேன். நகரத்துக் கலை என்பது மாதவியின் கலை. இடம், நேரம், ஒளி, பார்வையாளர் எல்லாம் அளந்து வைக்கப்பட்டிருக்கும்.

காரைதீவில் நாங்கள் வளர்ந்தது கண்ணகியோடு. வைகாசி மாதம் அம்மன் கோயிலில் கதவு திறந்து, கல்யாணக்கால் நட்டு, இரவிரவாகக் கண்ணகி வழக்குரை பாடுவார்கள். வி. சீ. கந்தையா அவர்கள் 1968 இல் பதிப்பித்த அந்தக் காவியம், அச்சேறுவதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே ஏட்டிலும் வாயிலும் இருந்தது. உடுக்கும் சிலம்பும் ஒலிக்க, கோவலன் வெட்டுப்படுவான். கண்ணகி அரசனிடம் போய் வழக்குரைப்பாள். மதுரை எரியும். கடைசியில் அவளைக் குளிரச் செய்யும் குளிர்த்தியோடு சடங்கு முடியும். கண்ணகிக்கு மேடை கிடையாது, அவள் வீதியில் நின்றவள். அந்தப் பாட்டையும் உடுக்கையும் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் பின்னாளில் மாதவியின் யாழைத் தேடிப் போனது. இரண்டு பெண்களும் ஒரே நூலில் இருக்கிறார்கள் என்பது தெரிந்த விடயம். எனக்கு அவர்கள் பஸ் பாதையின் இரண்டு முனைகளிலும் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் கணவனை இழந்த பெண் கல்யாண வீட்டில் முன்னுக்கு நிற்கக்கூடாது, ஆலாத்தி எடுக்கக்கூடாது, பொட்டு வைத்தால் கதைப்பார்கள். ஆனால் ஊரே விழுந்து கும்பிடும் தெய்வம் கணவனை இழந்தவள். மழைக்கும் அவளிடம்தான் போகிறோம், அம்மை நோய்க்கும் அவளிடம்தான் போகிறோம். இந்த முரண்பாட்டைக் கோயில் வாசலில் ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. நகரத்தில், வகுப்பறையில், எங்கள் விரிவுரையாளர் ஒருவர்தான் முதலில் அதைக் கேள்வியாக வைத்தார். நகரத்துக்கு நான் கடமைப்பட்டிருப்பது இதற்காகத்தான்.

வேறு பலவற்றுக்காகவும்தான். ஊரில் கூத்து என்றால் ஆண்கள் ஆடுவது. வட்டக்களரியில் சேலை உடுத்துத் திரௌபதையாக வருபவரும் ஆணே. அண்ணாவியார் மத்தளம் தட்ட மாதக் கணக்கில் பழகி, சதங்கை கட்டி, ஓர் இரவு முழுக்க ஆடுவார்கள். நாங்கள் பாய் விரித்துப் பார்த்திருப்போம். போர்க்காலத்தில் இரவில் வெளியே தலைகாட்ட முடியாத வருடங்களில் எத்தனையோ ஊர்களில் களரி காய்ந்து கிடந்தது. 1960 களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். 1962 இல் கர்ணன் போர், 1964 இல் இராவணேசன். அந்த வழியில் வந்த பேராசிரியர் சி. மௌனகுரு மட்டக்களப்பில் அதைத் தொடர்ந்தார். பேராசிரியர் சி. ஜெயசங்கரும் சீலாமுனைக் கூத்தர்களும் 2000 களின் தொடக்கத்தில் வேறொரு வழியில் போனார்கள். கூத்தை ஊரிலேயே வைத்து, அதில் சாதி எங்கே இருக்கிறது, பெண் எங்கே இருக்கிறாள் என்று ஆடுபவர்களோடு பேசிப் பேசி மீளுருவாக்கினார்கள். எது சிறந்தது என்று இன்னும் வாதாடுகிறார்கள். என் மனம் சீலாமுனைப் பக்கம். ஆனால் எந்த வழியானாலும், இன்று நான் காலில் சதங்கை கட்டித் தாளக்கட்டுக்கு ஆடமுடிகிறது. முதல் நாள் மத்தளத்தை மடியில் வைத்தபோது அதன் பாரத்தைக் கண்டு அதிர்ந்து போனேன். இதைத் தூக்கவும் தட்டவும் பெண்ணால் முடியாது என்று சொன்னவர்கள், எங்கள் தாய்மார் தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் பிள்ளையுமாக அகதி முகாமுக்கு நடந்ததைக் காணாதவர்களா?

நகரத்தில்தான் கமலா வாசுகியின் ஓவியங்களையும் முதலில் கண்டேன். பெண்களின் உடம்பும் வலியும் வாழும் ஆசையும் நிறங்களில் நிற்கும். ஒரு படத்தின் முன்னால் நானும் தோழியும் நீண்ட நேரம் நின்றோம். யாரும் “நேரமாச்சு, வாங்க” என்று கூப்பிடவில்லை. ஒரு பெண் ஒன்றும் செய்யாமல் ஒன்றைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு ஊரில் இடம் குறைவு. எனக்குக் கிடைத்த அந்த அரை மணித்தியாலம் என் அம்மாவுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஒருநாள் மருதமுனை உம்மா ஒருவர் பக்கத்தில் இருந்தார். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். நாட்டார் பாடலும் ஒரு பாடம் என்றேன். தனது உம்மா தறிக்கு நூல் சுற்றும்போது கவி சொல்லுவார் என்றும், மாப்பிள்ளை வெளியூர் போன துக்கத்தை எல்லாம் அதில் வைத்துச் சொல்லுவார் என்றும் கூறினார். “அதையா புத்தகத்தில போட்டிருக்காங்க?” என்று சிரித்தார். மருதமுனையில் இறங்கும்வரை இரண்டு கவி சொன்னார், மெல்லிய குரலில், முன் ஆசனத்துக்குக் கேட்காதபடி. ஊரிலும் அப்படித்தான் சொல்வாராம்.

இரண்டாம் வருடத்தில் ஒப்பாரி சேகரித்து வரச் சொன்னார்கள். எனக்கு இது எளிது என்று நினைத்தேன். என் அம்மம்மா ஒப்பாரிக்குப் பேர்போனவர். செத்த வீடுகளில் அவர் குரல் எடுத்தால் வாசலில் நிற்கும் ஆண்களும் கண் துடைப்பார்கள். ஒலிப்பதிவுக்குக் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் இருந்தேன்.

“பிரேதம் இல்லாத வீட்டில ஒப்பாரி வைக்கப்படாது மனே” என்றார்.

சும்மா சொல்லிக் காட்டினால் போதும் என்றேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: “உன்ர அம்மப்பாவுக்கே நான் இன்னும் வைக்கல்ல.”

1990 இல் ஒரு சுற்றிவளைப்பில் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர் அவர். அம்மா அப்போது சிறுமி. உடம்பு வரவில்லை. செய்தியும் வரவில்லை. ஊரில் எல்லாச் சாவுக்கும் அழுத அம்மம்மா தன் வீட்டுக்காரனுக்கு முறையாக அழவில்லை. அழுதால் செத்தது உறுதியாகிவிடும். இதை வாசிக்கும் அம்மாமாரில் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை. “கண்ணகி கொடுத்து வைச்சவ. அவவுக்கு உடம்பாவது கிடைச்சுது” என்றும் சொன்னார். கொலைக்களக் காதையை அத்தனை வருடம் கேட்டும் இப்படி ஒரு பொருள் அதில் இருப்பதை நான் நினைத்ததில்லை. ஒப்பாரியை வேறொரு ஊரில் சேகரித்துக் கொடுத்தேன். நல்ல புள்ளி வந்தது.

அந்த வருடக் கடைசியில் எங்கள் ஆற்றுகை. பதின்மூன்றாம் போர் என்ற வடமோடிக் கூத்திலிருந்து ஒரு பகுதி. அபிமன்யு சக்கரவியூகத்துக்குள் போய் மீளாத கதை. ஆடியவர்கள் எல்லோரும் மாணவிகள். எனக்குச் சுபத்திரை வேடம். அம்மம்மாவையும் அம்மாவையும் வரச் சொன்னேன். அம்மம்மா வைத்தியசாலைக்கு அல்லாமல் மட்டக்களப்புக்கு வந்தது அதுவே முதல் தடவை. கல்லடிப் பாலத்தில் பழைய இரும்புப் பாலத்தையும் 2013 இல் திறந்த புதுப் பாலத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பௌர்ணமி இரவில் இதன் கீழே மீன் பாடும் என்று சொல்வார்களே என்றேன். “மீன் பாடுறதைக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் வாறாங்களோ?” என்று கேட்டார்.

மண்டபத்தில் குளிரூட்டி அவருக்கு ஒத்துவரவில்லை. சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு முன் வரிசையில் இருந்தார். விளக்கு அணைந்து எரிந்தது. மகனை இழந்த சுபத்திரையாக நான் புலம்பி ஆடினேன். பயிற்சியில் பல நாள் வராத குரல் அன்று வந்தது. ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்து கை தட்டினார்கள்.

வேடம் கலைத்துக்கொண்டு ஓடிவந்து, “எப்பிடி அம்மம்மா?” என்றேன்.

“நல்லா ஆடினாய்” என்றார். “பொம்புளயள் ஆடினது நல்ல வடிவு. ஆம்புளயள் அழுதா அது ஆட்டமாத்தான் கிடக்கும். நீ அழுதது அழுகையாக் கிடந்தது.” பிறகு சற்று நேரம் கழித்து, “ஆனா ஏன்கா அவ்வளவு கெதியில நிப்பாட்டினியள்? புள்ளையப் பறிகுடுத்தவள் ஒரு மணித்தியாலத்திலயா எழும்பிப் போவாள்? நாங்க அழ வெளிக்கிடேக்க நீங்க லைற்றைப் போட்டுட்டியள்.”

இதற்கு எங்களிடம் பதில் இருக்கிறது. மண்டபத்துக்கு வாடகை நேரம் உண்டு, கடைசி பஸ் உண்டு, பார்ப்போருக்குப் பொறுமை குறைந்துவிட்டது. இந்தக் காரணங்களைப் பரீட்சையில் எழுதினால் புள்ளி கிடைக்கும். ஊர்க் களரி எங்களை ஏற்றவில்லை, ஆனால் விடியும்வரை நேரம் தந்தது. நகர மேடை எங்களை ஏற்றியது, நேரம்தான் தரவில்லை. 34 வருடமாக அழாமல் இருந்த ஒருவருக்கு எத்தனை மணித்தியால ஆற்றுகை வேண்டும் என்று எந்த விரிவுரையிலும் நான் படிக்கவில்லை.

காத்தான்குடி தாண்டும்போது அம்மம்மா கேட்டார், என்னோடு ஆடிய பிள்ளைகள் எந்த ஊர் என்று. வாழைச்சேனை, வாகரை, திருகோணமலை, ஒருத்தி முல்லைத்தீவு என்றேன். முல்லைத்தீவு என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அந்தப் புள்ளைக்கு ஆரிருக்கா?” என்றார். தாய் மட்டும் என்றேன். “வைகாசிக் குளிர்த்திக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா. விடியும்வரை இருக்கச் சொல்லு.”

வைகாசியில் நான்கு பேர் வந்தார்கள். அம்மா புட்டு அவித்து வைத்திருந்தார். கோயில் வீதி மணலில் அம்மம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு பாயில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். சுற்றிவர எங்கள் ஊர்ப் பெண்கள், பலர் அம்மம்மாவின் வயதுக்காரர். முல்லைத்தீவுத் தோழி நடுச்சாமம் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். உள்ளே பாட்டு வழக்குரைக்கும் கட்டத்தை நெருங்கியது. அம்மம்மா என்னைத் தாண்டிக் கையை நீட்டி அவள் கன்னத்தில் தட்டினார்.

“எழும்பு மனே. இனித்தான் அவ கேக்கப் போறா.”