அப்பச்சியின் ஜீப்புக்கு இரண்டாவது ஃபில்டர்

அப்பச்சி ஓட்டிய மஹிந்திரா எம்எம்540 இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. பெஜோ வகை 2112 சிசி டீசல் எஞ்சின். ஆயில் மாற்றிய சில நாளிலேயே டிப்ஸ்டிக் மையில் தோய்த்த மாதிரி கறுத்துவிடும். எல்லாம் புகைக்கரி. சாதாரண ஃபில்டர் சுமார் 20, 30 மைக்ரான் துகளைத்தான் நன்றாகப் பிடிக்கும். கரி அதைவிடப் பொடி, உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அதனால் போன மாதம் காரைக்குடிப் பட்டறையில் பைபாஸ் ஃபில்டர் ஒன்றையும் சேர்த்தோம். பிரஷர் ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் ஒரு டீ இணைப்பு, அங்கிருந்து ஒரு ஹோஸ். கொஞ்சம் ஆயில் மட்டும் இந்த நெருக்கமான ஃபில்டரில் மெல்ல வடிந்து சம்ப்புக்குத் திரும்பும். நுழைவில் ஒன்றரை மில்லிமீட்டர் துளைதான். "பெரிசாக்கினா பேரிங் பட்டினி கிடக்கும் தம்பி" என்றார் மெக்கானிக் அண்ணன்.

மறுநாள் குன்றக்குடி போய் நிறுத்தினேன். செம்மண்ணில் காசளவு கறுப்புப் பொட்டு. குனிந்து பார்த்தால், ஹோஸ் பிராக்கெட்டில் உரசித் தேய்ந்திருக்கிறது. கிளிப் போட மறந்தது நான்தான். அது வெடித்திருந்தால் ஆயில் முழுக்க ரோட்டில், எஞ்சின் காயலான் கடையில்.

இப்போது எஃகுப் பின்னல் ஹோஸ், இரண்டு கிளிப். ஃபில்டர் கொள்ளும் அளவுக்கு ஆயிலும் கூடுதலாக ஊற்றியாயிற்று.

ஒன்று சொல்கிறேன்: இரண்டாவது ஃபில்டர் கரியைத்தான் பிடிக்கும். ஆயிலில் கலந்த டீசலை எடுக்காது, அதில் தீர்ந்துபோன சேர்மானங்களைத் திருப்பித் தராது. ஆயிலைக் காலத்தில் மாற்றுங்கள். மாட்டிய ஹோஸை வாரம் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள்.