முன் பிரேக் ஜாமும் ரெண்டு புது கேலிப்பரும்

பொட்டி தட்டுறவனுக்கு பிரேக்ல என்ன வேலைன்னு கேக்கப்படாது. மாமாவோட பிக்கப் வண்டி அப்படி ஒரு ஆட்டம் காட்டுச்சு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு தக்காளி லோடு அடிக்கிற வண்டி. கிளம்பி 10 கிலோமீட்டர் சமத்தா ஓடும். அப்புறம் ரெண்டு முன் சக்கரமும் லேசா பிடிக்க ஆரம்பிச்சு, கடைசியில ஜாம். கருகின வாடை வேற. அரை மணி நேரம் ஓரங்கட்டினா தானா விட்டுடும். ராத்திரி 2 மணிக்கு லோடோட நடுரோட்டுல நிக்கிற மனுஷனை நினைச்சுப் பாருங்க.

பட்டறையில ரெண்டு கேலிப்பரையும் மாத்தியாச்சு. அப்பவும் அதே கதை. அடுத்து அங்க சொன்ன யோசனைதான் என் வயித்தைக் கலக்குச்சு: "முன் லைனை அடைச்சு விட்டுடலாம்ணே, பின் பிரேக்கே போதும்." மாமாவும் பாதி தலையாட்டிட்டு வந்திருந்தார். பிரேக் அடிச்சா எடை முன்னாடி சாயும். வண்டியை நிறுத்துறதுல பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். லோடோட இறக்கத்துல பின் பிரேக்கை மட்டும் நம்புறது தற்கொலை.

"ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் குடுங்க மாமா"ன்னேன்.

பக் தேடுற மாதிரிதான், பாதி பாதியா வெட்டிக்கிட்டே போகணும். ஆனா பிரேக் பிடிச்சிருக்கும்போதே பாக்கணும். ஆறின வண்டியில எல்லாம் நல்லாவே இருக்கும். ('என் மெஷின்ல ஓடுதே'ன்னு ஆபீஸ்ல சொல்வோமே, அதேதான்!)

ஜாம் ஆகுற வரைக்கும் ஓட்டிட்டு வந்து, பின் சக்கரத்துக்கு கல் வெச்சு, ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினோம். இடது பக்க பிளீடர் நிப்பிளை லேசா திறந்தேன். பிரேக் ஆயில் சர்ருன்னு பீய்ச்சுச்சு. இடது சக்கரம் விட்டுச்சு, கூடவே வலதும் விட்டுச்சு! இதுதான் முக்கியமான க்ளூ. கேலிப்பர் பிஸ்டன் இறுகியிருந்தா நிப்பிளைத் திறந்தாலும் விடாது. ரப்பர் ஹோஸ் உள்ளே அடைச்சிருந்தா அந்த ஒரு பக்கம் மட்டும்தான் விடும். ரெண்டும் விட்டா, பிரஷர் மேல இருந்து வருது.

மறுபடி ஓட்டி, மறுபடி ஜாம். இந்த முறை நிப்பிளைத் தொடலை. மாஸ்டர் சிலிண்டரை பூஸ்டரோட பிடிச்சிருக்கிற ரெண்டு நட்டையும் தளர்த்தி, சிலிண்டரை கொஞ்சம் முன்னாடி இழுத்தேன். சக்கரம் ரெண்டும் ஃப்ரீ.

"பூஸ்டர்ல கை வெச்சாங்களா மாமா?"

"ஆமா மாப்ள, போன மாசம்தான் புதுசு போட்டாங்க."

அதுல இருக்கிற புஷ் ராடு ஒரு மயிரிழை நீளம். பெடல்ல காலை எடுத்தாலும் அது பிஸ்டனை முழுசா பின்னாடி வர விடலை. ஆயில் டேங்குக்குத் திரும்புற சின்ன ஓட்டை மூடியே கிடந்திருக்கு. ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், போக வழி இல்லை, பேட் உரசும், உரச உரச இன்னும் சூடு. பின்னாடி டிரம் பிரேக். அதுல ஷூவை இழுத்துப் பிடிக்க ஸ்பிரிங் இருக்கு. டிஸ்க்குல அப்படி இல்லை, அதான் முன்னாடி மட்டும் மாட்டிக்குச்சு.

ராடு நுனியில இருந்த திருகை உள்ள திருப்பி இடைவெளி விட்டோம். வெந்துபோன ஆயிலைக் கொட்டிட்டு புது டாட் 4 ஊத்தி ஏர் எடுத்தோம். 40 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து ஜாக்கி போட்டா, சக்கரம் கையால சுத்துது.

மாமா ஒண்ணும் பேசலை. பழைய கேலிப்பர் ரெண்டையும் சாக்குல இருந்து எடுத்து திருப்பித் திருப்பிப் பாத்தார். "இது ரெண்டும் நல்லாத்தான இருந்திருக்கு மாப்ள?"