மாடியில் ஓடும் மீட்டர்

மழைக்காலம் ஓய்ந்ததும் தில்லியில் வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தால் 'சீலன்' என்று அலுத்துக்கொள்வார்கள். நம் ஊரில் ஓதம். யமுனைக்குக் கிழக்கே ஒரு காலனியில் கீழ்வீட்டில் வசிக்கும் அந்தத் தமிழ் மாமிக்கும் மாடியில் இதே கதைதான். மத்திய சர்க்கார் உத்தியோகத்திலிருந்த கணவர் விட்டுப்போனது இந்த வீடும் குடும்பப் பென்ஷனும். மாடி வாடகை 14,000 ரூபாய்.

மேஸ்திரி முதலில் சொன்னது 80,000. குளியலறைச் சுவரை உடைத்ததும் உள்ளே இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. குழாயை மாற்றினால் டைல்ஸ் போகும், டைல்ஸ் போனால் தரையும் போகும். முடிந்தபோது கணக்கு 1,35,000. ஒன்பதரை மாத வாடகைக்கும் மேலே. ஓதத்தை அப்படியே விட்டுப் பெயிண்டை மட்டும் பூசியிருந்தால் மலிவாக முடிந்திருக்கும், அடுத்த மழைவரை.

வருமான வரிக் கணக்கில் இந்தச் செலவைக் காட்ட இடமில்லை. வீட்டுவரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் கழிவு. சுண்ணாம்புகூட அடிக்காத வருஷத்துக்கும் அதேதான், சுவரை இடித்த வருஷத்துக்கும் அதேதான்.

போட்ட பணத்தை எங்கே பிடிப்பது? மாமிக்குத் தெரிந்த வழி மாடியிலிருந்த சப்-மீட்டர். யூனிட்டுக்கு 9 ரூபாய். தில்லியில் பல வீட்டுக்காரர்கள் செய்வதுதான். மாடியில் குடியிருந்த பீகார் தம்பதி இரண்டு வருஷம் பேசாமல் கொடுத்தார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் காகிதமும் பென்சிலுமாக இறங்கி வந்தாள்.

"ஆன்ட்டிஜி, நீங்களும் நஷ்டப்படுகிறீர்கள்."

2019 ஆகஸ்டில் தில்லி அரசு மாதம் 200 யூனிட் வரை மின்கட்டணமில்லை, 400 வரை பாதிச் சலுகை என்று அறிவித்தது. கீழே 180 யூனிட், மாடியில் 260. ஒரே மீட்டரில் சேர்ந்தால் 440, யாருக்கும் சலுகையில்லை. பிரித்தால் மாமிக்குப் பில்லே வராது, மாடிக்குப் பாதி. வாடகைக்காரர் தன் பெயரிலேயே ப்ரீபெய்டு மீட்டர் வைத்துக்கொள்ளும் திட்டமும் அதே செப்டம்பரில் வந்தது.

கணக்கு புரிந்தது. பயம் போகவில்லை. "மீட்டர் அவா பேர்ல வந்துட்டா வீடே அவாளோடதுன்னு சொல்லிட்டா?" 1958ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் சிக்கி, வீட்டை மீட்க முடியாமலே கண்மூடிய சொந்தக்காரர்களைப் பார்த்த தலைமுறை அது. ஆனால் 1988 திருத்தத்துக்குப் பிறகு 3,500 ரூபாய்க்கு மேல் வாடகையுள்ள வீடுகள் அந்தச் சட்டத்துக்கு வெளியே. 14,000 ரூபாய் மாடிக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. இதைப் பக்கத்து வீட்டு வக்கீல் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

2021இல் மத்திய அரசு தயாரித்த மாதிரி வாடகைச் சட்டத்தின் பட்டியலையும் அவர் காட்டினார். வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் வீட்டுக்காரருக்கு; குழாய் வாஷர், சுவிட்ச், உடைந்த கண்ணாடி குடியிருப்பவருக்கு. மாநிலங்கள் ஏற்றால்தான் இது சட்டம். ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள யார் தடுக்கிறார்கள்?

எழுதிக்கொண்டார்கள். வாடகை 15,000 ஆயிற்று. அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் சம்மதித்தாள். ஏறிய ஆயிரத்தைவிட மின்சாரத்தில் மிச்சமாவது அதிகம். மாமி அந்த ஆயிரத்தைத் தனிக் கணக்கில் போடுகிறார், அடுத்த சீலனுக்கு.

தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் மாடிப்படி விளக்கும் எந்த மீட்டரில் ஓடுவது என்பது மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது.