கூப்பிட்டால் திரும்புகிறதா குழந்தை?

ஆம்பூர், பேர்ணாம்பட்டு பக்கம் காலையில் ஷூ கம்பெனி வேன் வந்து நிற்கும். தாய்மார்கள் ஏறிப் போய்விடுவார்கள். சாயங்காலம் வரை குழந்தை ஆயா, தாத்தா கையில்தான். ஆகவே, வளர்ச்சியில் ஏதாவது வித்தியாசம் இருந்தால் முதலில் நம் கண்ணில்தான் படும்.

எங்கள் தெருவில் ஒரு பையன். இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பிஸ்கட் காகிதம் சரசரத்தால் மட்டும் ஓடி வருவான். வேண்டியதை விரலால் காட்டாமல் ஆயாவின் கையைப் பிடித்து இழுப்பான். "அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்றார் ஆயா. "பெத்தவ கம்பெனிக்குப் போனா இப்படித்தான்" என்றார்கள் அக்கம்பக்கத்தார். அந்தப் பெண் அழுதுகொண்டே வேலையை விடப் பார்த்தாள்.

இந்தப் பழி புதிதல்ல. அமெரிக்காவில் லியோ கேனர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசம் என்ற பெயரைப் பரவச் செய்தது. அதன்பின் பல ஆண்டுகள், தாயின் பாசக்குறைவே காரணம் என்று பெரிய மருத்துவர்களே சொன்னார்கள். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரான்சில் இந்த எண்ணம் மற்ற நாடுகளைவிட நெடுநாள் நீடித்தது. அது தவறு என்பது இன்று தெளிவு. ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. தாய் வேலைக்குப் போவதால் வருவதில்லை.

நாம் கவனிக்க வேண்டியவை இவை: ஒரு வயதில் பெயருக்குத் திரும்பாதது, டாட்டா காட்டாதது, ஒன்றரை வயதிலும் விரல் நீட்டி எதையும் காட்டாதது, இரண்டு வயதில் "பால் தா" என்று இரு சொல் சேர்க்காதது, பேசிய சொற்களை இழப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலே ஆட்டிசம் என்று பொருளல்ல. காது கேட்காமலும் இருக்கலாம். அதனால் செவிப் பரிசோதனையும் அவசியம்.

அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் அரசு மருத்துவக் குழுவிடம் காட்டலாம். வேலூர் சி.எம்.சி.யில் குழந்தை வளர்ச்சிக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது.

அந்தப் பையனுக்குக் காது நன்றாகவே கேட்டது, ஆட்டிசம் என்றார்கள். மருந்து தரவில்லை, ஆயாவுக்குப் பயிற்சி தந்தார்கள். பிஸ்கட்டைத் தன் முகத்தருகே பிடித்து, அவன் பார்க்கும்வரை காத்திருந்து, பெயரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தினமும், விளையாட்டாக. தாய் வேலையை விடவில்லை.

"போகப் போகச் சரியாகிவிடும்" என்பது நாம் அன்பாகச் சொல்லும் ஆறுதல்தான். ஆனால் மூளை வேகமாக வளரும் முதல் மூன்று ஆண்டுகள் அந்த ஆறுதலிலேயே கழிந்துவிடக் கூடாது. சந்தேகம் வந்தால் மருமகளைக் குறை சொல்லாதீர்கள்; அந்த வாரமே குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.